எண்பதில் வரும் நடுக்கம்!

புதுசாகக் கார் வாங்கினால் முதல் காரியமாக என்ன செய்கிறோம்? நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம், சுற்றி உடைக்க ஒரு பூசணிக்காய்... அன்றைக்குச் சக்கரத்துக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்த்தால் ஸ்டியரிங்குக்கே பொறாமை வரும்.

எல்லாம் அந்த ஒரு நாளோடு சரி. அப்புறம் சீட் கவர், டேஷ்போர்டில் பிள்ளையார், பின் கண்ணாடியில் குழந்தைகள் பெயர் என்று நம் கவனம் மேலே ஏறிவிடும். சக்கரத்தைக் குனிந்து பார்க்கிற ஒரே ஆசாமி பஞ்சர் கடைக்காரர்தான். தெரு நாயும் எப்போதாவது வந்து பார்க்கும். அது பார்ப்பது வேறு காரணத்துக்காக!

மனிதனுக்கு எண்பதில் கை நடுங்கினால் வயசாகிவிட்டது என்று அர்த்தம். காருக்கு எண்பதில் ஸ்டியரிங் நடுங்கினால் வயசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நேற்று டயர் மாற்றிய காராகக்கூட இருக்கலாம். நான் சொல்கிற எண்பது, ஸ்பீடாமீட்டர் எண்பது. இந்த வாரச் சமாச்சாரம் அந்த நடுக்கமும், அதற்கு வைத்தியமான வீல் பேலன்ஸிங்கும்.

ஆபீஸ் கேன்டீனில் "என் கார் எண்பதுக்கு மேல போனா ஆடுதுப்பா" என்று சும்மா ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். டீ ஆறுவதற்குள் நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள்.

"நம்ம ஊர் ரோடு அப்படி சார். காரை எதுக்குக் குத்தம் சொல்றீங்க?" - இது அக்கவுண்ட்ஸ் செக்ஷன்.

"அலைன்மென்ட் பாத்துடுங்க. எல்லாம் சரியாயிடும்." - இது டெஸ்பாட்ச்.

"எண்பதுக்குள்ளேயே ஓட்டுங்களேன் தம்பி. என்ன அவசரம்?" - இது ரிடையராக இரண்டு வருஷம் பாக்கியுள்ளவர்.

"ஏத்துங்க சார்! நூத்திருபதைத் தொட்டா ஆட்டம் தானா நின்னுடும்!" - இது போன மாசம் சேர்ந்த பையன்.

முதல் மூன்று வைத்தியத்தில் வியாதி தீராது. நாலாவதில் வியாதியோடு ஆளும் தீர்ந்துபோக வாய்ப்பு உண்டு!

என் நண்பன் ஒருவன் இந்த நாலாவது வைத்தியத்தைச் செய்து பார்த்தான். நாலு வருஷம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார் ஒன்றைத் தவணையில் வாங்கியிருந்தான். ஊருக்குள் ஓட்டும்போது வெண்ணெய் மாதிரி போயிற்று. மாமனார், மாமியாரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. செங்கல்பட்டு தாண்டி ரோடு காலியாகக் கிடந்தது. முள் எண்பதைத் தொட்டது. ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது.

பக்கத்து சீட்டில் இருந்த மாமனார் நண்பனின் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின் சீட்டுக்குக் கேட்காத குரலில்,

"மாப்பிள்ளை... கை ஏன் இப்படி நடுங்குது? ராத்திரி ஏதாவது..?" என்றார்.

"ஐயையோ, இல்லீங்க மாமா! ஆடுறது காருங்க மாமா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நண்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மிதித்தான். நூறு, நூற்றிப் பத்து, நூற்றிருபது... நிஜமாகவே ஆட்டம் குறைந்தது! வெற்றிப் புன்னகையோடு மாமனார் பக்கம் திரும்பினான். அவர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு 'முருகா... முருகா...' என்று முணுமுணுத்துக் கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் "பேலன்ஸிங் பாருடா" என்று நாங்கள் நாலு பேர் சொன்னோம். "விடு மச்சான், பழகிப்போச்சு" என்றான். நாலு மாசம் அப்படியே ஓட்டினான். பிறகு ஒரு நாள் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றிய பஞ்சர் கடை அண்ணன் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ரிம்மில் பசை காய்ந்த தடம் செவ்வகமாக இரண்டு. அங்கே ஒட்டியிருந்த பேலன்ஸிங் வெயிட் எப்போதோ விழுந்திருக்கிறது. எண்பது நடுக்கத்துக்குக் காரணம் அதுதான். அதுவாவது பரவாயில்லை. டயரின் உள்பக்கச் சுவரில், அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வீக்கம்!

"இது எப்போ வந்துச்சு சார்?" என்றார் அண்ணன்.

நண்பனுக்கு பதில் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கார்தான் முதல் நாளிலிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறதே! வெயிட் விழுந்த ஆட்டம் எது, வீக்கம் வந்த பிறகு கூடிய ஆட்டம் எது என்று பிரித்துச் சொல்ல அவனுக்கு வழி இல்லை. டயர் வெடிக்கப் போகிறது என்று கார் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த கூச்சலில் அந்த எச்சரிக்கை அவன் காதில் விழவில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ஆட்டம் கெட்டது என்றால், ஆட்டம் பழகிப்போவது அதைவிடக் கெட்டது.

சரி, சக்கரம் ஏன் ஆடுகிறது?

டயர் என்பது இட்லி மாதிரி ஒரே அச்சில் வார்த்து எடுத்த பண்டம் இல்லை. ரப்பர், நூல் இழை, இரும்புக் கம்பி என்று அடுக்கடுக்காகச் சுற்றி, ஒட்டி, வேகவைத்து எடுப்பது. ஒட்டுப் போட்ட இடத்தில் சற்று கனம் கூடும். ரிம்மில் வால்வு ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. ஆகவே, எந்தக் கம்பெனி டயரானாலும் சுற்று முழுக்க எடை துல்லியமாக ஒரே மாதிரி இருக்காது. புது டயரின் பக்கச் சுவரில் சில சமயம் ஒரு மஞ்சள் புள்ளி பார்த்திருப்பீர்கள். டயரில் எடை மிகவும் குறைந்த இடம் அது. அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் வித்தியாசம் கொஞ்சம் சரிக்கட்டும். மீதியை ஒரு சின்ன உலோகத் துண்டு வைத்துச் சரி பண்ணுவார்கள். அவ்வளவுதான் வீல் பேலன்ஸிங்.

"சின்னத் துண்டுதானே, இதுக்கு ஏன் சார் இவ்ளோ அலட்டல்?" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏழே முக்கால் கிராம் தேறும். நாலு நாணயம் சேர்ந்தால் சுமார் 30 கிராம். 14 அங்குல ரிம் போட்ட ஒரு சின்ன காரின் ரிம் விளிம்பில், ஒரே இடத்தில், இந்த நாற்பது ரூபாய்ச் சில்லறையை ஒட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற காரில் அது ஒரு பொருட்டே இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் கையை இழுக்குமே, அது மாதிரி, ஓட ஆரம்பித்ததும் இந்தச் சில்லறையும் சக்கரத்தை இழுக்கும். 50 கி.மீ. வேகத்தில் அதன் இழுப்பு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 100 கி.மீ. வேகத்தில் இரண்டு கிலோ ஆகும் என்றுதானே நினைப்பீர்கள்? ஆகாது. நாலு கிலோவுக்கு மேல்! வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. வட்டிக்கு வட்டி போடுகிற சேட்டுக்கடை தோற்றது!

அந்த நாலு கிலோவும் ஒரே பக்கமாக இழுத்தாலாவது பரவாயில்லை. சில்லறை மேலே வரும்போது சக்கரத்தை மேலே தூக்குகிறது. கீழே வரும்போது ரோட்டில் அமுக்குகிறது. நூறு கி.மீ. வேகத்தில் சக்கரம் ஒரு விநாடிக்கு 14 தடவை சுற்றுகிறது. ஆக, விநாடிக்கு 14 தடவை நாலு கிலோ சுத்தியல் அடி. சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் சக்கரம் ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் சுற்றியிருக்கும். அத்தனை அடியையும் வாங்குவது உங்கள் கார். அதற்குத் தவணை கட்டுவது நீங்கள்.

"எங்கப்பா இருபது வருஷம் அம்பாசடர் ஓட்டினார். பேலன்ஸிங்காவது, ஒண்ணாவது!" என்று ஒருவர் முறைப்பது தெரிகிறது. உண்மைதான். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்த மகாராஜா நம் ரோட்டில் பெரும்பாலும் ஐம்பது, அறுபதில்தான் பவனி வந்தார். எதிரே லாரி, குறுக்கே மாட்டு வண்டி, ரோட்டில் காயப்போட்ட நெல். ஐம்பதில் ஒரு கிலோ இழுப்பை அந்தக் கனத்த உடம்பு சட்டை பண்ணவே இல்லை. 2000-க்குப் பிறகு நாலு வழிச் சாலைகள் வந்தன. கார்கள் லேசாயின. நூறு என்பது சர்வ சாதாரணம் ஆயிற்று. அதே சில்லறை, நாலு மடங்கு இழுப்பு! ரோடு மாறிவிட்டது, கார் மாறிவிட்டது. அப்பாவிடம் கற்ற பழக்கம் மட்டும் மாறவில்லை.

இப்போது புதுப் பையனின் நூற்றிருபது வைத்தியத்துக்கு வருவோம். அது எப்படி ஆட்டம் குறைந்தது?

ஊஞ்சல் ஆட்டியிருப்பீர்கள். அது போய்த் திரும்பும் நேரம் பார்த்து லேசாகத் தள்ளினால் போதும், ஜோராக மேலே போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஊஞ்சல் முரண்டு பிடிக்கும். காரின் சக்கரமும் ஒருவித ஊஞ்சல். மேலே ஸ்பிரிங், கீழே காற்றடைத்த டயர். நடுவில் அது குதிப்பதற்கென்று ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. பொதுவாக விநாடிக்குப் பத்திலிருந்து பதினைந்து குதி. எண்பதிலிருந்து நூற்றிப் பத்து வரைக்குமான வேகத்தில் சக்கரம் சுற்றுவதும் ஏறக்குறைய அதே கணக்கு. இரண்டு தாளமும் சேர்ந்துவிட்டால் கச்சேரி களைகட்டி விடுகிறது! அறுபதில் சமர்த்தாக இருந்த கார் எண்பத்தைந்தில் சாமியாடுவது இதனால்தான்.

நூற்றிருபதில் தாளம் தப்பிவிடுகிறது. அதனால் உங்கள் கைக்கு ஆட்டம் குறைந்த மாதிரி தெரிகிறது. ஆனால் இழுப்பு குறையவில்லை. நூறில் நாலு கிலோ சில்லறை என்றால் நூற்றிருபதில் ஆறு கிலோவுக்கு மேல். கடன்காரன் வாசலில் நிற்கும்போது ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைத்த மாதிரிதான் இந்த வைத்தியம். குரல் கேட்கவில்லையே தவிர, ஆள் போகவில்லை!

நான் படித்தது பி.காம். எங்கள் சாஸ்திரத்தில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் ஓர் உபாயம் உண்டு. வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டுவிட்டு, அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விடலாம். காரிலும் அதே ஏற்பாடுதான். சக்கரத்தில் டேலி ஆகாத வித்தியாசம் நேராக சஸ்பென்ஷன் அக்கவுண்ட்டில் ஏறுகிறது!

முதலில் டயரில் பற்று எழுதப்படும். அங்கங்கே குழி குழியாக, திட்டுத் திட்டாகத் தேயும். ஓடும்போது 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வரும். அடுத்து ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற மூட்டுகள் என்று ஒவ்வொன்றாக லூஸ் ஆகும். ஷாக் அப்சார்பரும் ஓய்ந்துபோன காரில் சக்கரம் ரோட்டில் ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்து ஓடும். மழை நேரம், முன்னால் போகிற பஸ் சட்டென்று பிரேக் போடுகிறது. உங்கள் சக்கரம் அந்தக் கணத்தில் ரோட்டை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அது பாட்டுக்குத் தில்லானா ஆடிக்கொண்டிருந்தால்? நாலு சக்கரத்துக்கும் பேலன்ஸிங் பண்ண ஆவது சில நூறு ரூபாய். டயர் ஒன்றின் விலையே சில ஆயிரம். உயிருக்கு விலை போட பி.காமில் சொல்லித் தரவில்லை.

டெஸ்பாட்ச் செக்ஷன் சொன்ன அலைன்மென்ட்டும் இதுவும் ஒன்றா? இல்லை. ஆனால் பெரும்பாலோர் இரண்டையும் 'இட்லி-வடை' மாதிரி சேர்த்தே சொல்வதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆபீஸிலிருந்து நாலு பேர் சேர்ந்து டீக்கடைக்குப் போகிறீர்கள். நாலு பேரின் கால்களும் ஒரே திசையைப் பார்த்து நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஒயின் ஷாப் பக்கம் இழுத்தால் வந்தது வினை. அந்த திசையைச் சரி செய்வது அலைன்மென்ட். நாலு பேரில் ஒருவர் வலது பாக்கெட்டில் மட்டும் பீரோ சாவி, வண்டிச் சாவி, சில்லறை எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடி ஆடி நடக்கிறார். பாக்கெட் கனத்தைச் சரி பண்ணுவது பேலன்ஸிங்.

கார் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது, நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது என்றால் அலைன்மென்ட். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் என்றால் பேலன்ஸிங். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் சக்கரத்தை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.

கடைக்குப் போய் சாவியைக் கொடுத்துவிட்டு டீ சாப்பிடப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். வேடிக்கை பார்ப்பது நமக்குக் கைவந்த கலைதானே! அதைக் கொஞ்சம் உருப்படியாகச் செய்யலாம்.

முதலில் சக்கரத்தைக் கழுவச் சொல்லுங்கள். மழைக் காலத்தில் ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். அதுவே நூறு கிராம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. சேற்றோடு பேலன்ஸ் பண்ணினால், அடுத்த மழையில் சேறு கரைந்துபோகும்; அதற்குச் சரிக்கட்ட வைத்த வெயிட் மட்டும் நிற்கும். சில சமயம் ஒரு பிரஷ்ஷும் ஒரு பக்கெட் தண்ணீரும் போதும், நடுக்கம் போய்விடும். டயர் இடுக்கில் சிக்கிய ஜல்லியையும் நெம்பி எடுக்க வேண்டும். பழைய வெயிட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது உத்தமம். பழையதன் மேல் புதியது ஒட்டிக்கொண்டே போனால் கடன் அடைக்கக் கடன் வாங்கிய கதைதான்.

சக்கரத்தை மெஷினில் மாட்டி ஒரு கூம்பு வைத்து இறுக்குவார்கள். ரிம்மின் விட்டம், அகலம், மெஷினிலிருந்து அதன் தூரம் மூன்றையும் அளந்து மெஷினுக்குச் சொல்ல வேண்டும். முந்தின காருக்குப் போட்ட அளவிலேயே உங்கள் காரையும் சுற்றினால், மெஷின் காட்டுவது உங்கள் கணக்கு இல்லை, அடுத்த வீட்டுக்காரர் கணக்கு! சுற்றி நின்றதும் உள்பக்கத்துக்கு ஒரு எண், வெளிப்பக்கத்துக்கு ஒரு எண் காட்டும். அத்தனை கிராம். இரண்டு பக்கமும் பார்ப்பது அவசியம். ஒரு பக்கம் மட்டும் சரி பண்ணினால் சக்கரம் மேலும் கீழும் குதிப்பது நிற்கும், இடமும் வலமும் தலையாட்டுவது நிற்காது.

இரும்பு ரிம்மில் வெயிட்டை விளிம்பில் அடித்து மாட்டுவார்கள். அலாய் வீலில் ஒட்டுவார்கள். ஒட்டும் இடத்தைத் துடைக்காமல் ஒட்டினால் அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் அது தனிக்குடித்தனம் போய்விடும். முன்பெல்லாம் ஈயக்கட்டிதான். விழுந்த ஈயம் ரோட்டில் அரைபட்டு மண்ணில் கலக்கிறது என்று ஐரோப்பிய யூனியன் 2005-லேயே கார்களுக்கு அதைத் தடை செய்துவிட்டது. துத்தநாகம், இரும்பு என்று மாற்று வெயிட்டுகள் வந்துவிட்டன.

வெயிட் ஒட்டி மறுபடி சுற்றினால் இரண்டு பக்கமும் பூஜ்யம் வர வேண்டும். வாழ்க்கையில் பூஜ்யம் வாங்கிச் சந்தோஷப்படுகிற ஒரே இடம் இதுதான். நாலைந்து கிராம் வித்தியாசத்தைப் பெரும்பாலான மெஷின்கள் கண்டுகொள்ளாமல் பூஜ்யம் என்றே காட்டும். அதில் தப்பில்லை.

அந்தப் பூஜ்யம் நிஜப் பூஜ்யமா என்று ஆடிட் பண்ண ஒரு வழி உண்டு. மெஷினில் சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கணக்கு சுத்தம். திடீரென்று இருபது, முப்பது என்று காட்டினால் சக்கரத்தை நடுவில் சரியாக உட்கார வைக்கவில்லை என்று அர்த்தம். நான் ஒரு கடையில் இதைக் கேட்டபோது அந்தத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார், நீங்க மெக்கானிக்கா?" என்றான். "இல்லப்பா, பி.காம்" என்றேன். அவன் முகத்தில் பயம் தெரிந்தது!

"முன் ரெண்டு மட்டும் போதும் சார்" என்று சில இடத்தில் சொல்வார்கள். நாலும் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். புது டயர் போட்டால், பஞ்சருக்காக ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டினால், பெரிய பள்ளத்தில் 'டமால்' என்று இறங்கினால், இவை எதுவும் நடக்காவிட்டாலும் 10,000 கி.மீ.க்கு ஒரு தரம் பேலன்ஸிங் பார்த்துவிடுவது நல்லது. டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்து குச்சி சொருகுகிற டியூப்லெஸ் பஞ்சருக்கு வழக்கமாகத் தேவைப்படாது. டயருக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றியிருந்தால், அது ஒரே இடத்தில் தேங்கி நடுக்கம் தரலாம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. பேலன்ஸிங் எல்லா நடுக்கத்துக்கும் மருந்து இல்லை. ஒரு சதுரச் சக்கரத்தைக்கூட மெஷினில் மாட்டிப் பூஜ்யம் வர வைக்கலாம்! ஏனென்றால் மெஷின் பார்ப்பது எடையை மட்டும்தான். சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மெஷினில் சுற்றும்போது ரிம்மின் ஓரத்தையும் டயரின் ஓரத்தையும் கவனியுங்கள். பாம்பு மாதிரி நெளிந்தாலோ, ஒரு இடத்தில் மட்டும் எழும்பி இறங்கினாலோ, ரிம் வளைந்திருக்கிறது அல்லது டயர் கெட்டிருக்கிறது. நூறு கிராமுக்கு வெயிட் கேட்கிற சக்கரத்தையும் சந்தேகப்படுங்கள். டயரை ரிம்மிலேயே அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்க்கச் சொல்லலாம். அப்போதும் அடங்கவில்லை என்றால் வெயிட் ஒட்டி மூடி மறைக்காதீர்கள்.

நண்பனின் டயரில் பார்த்தோமே வீக்கம், அது பள்ளத்தில் இறங்கியபோது வந்தது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர்ச் சுவர் நசுங்கி உள்ளே இருக்கிற நூல் இழைகள் அறுந்துவிடும். வெளியே ரப்பர் மட்டும் மிச்சம். காற்று அதைப் பலூன் மாதிரி தள்ளும். அதற்கு ஒட்டும் கிடையாது, பேலன்ஸிங்கும் கிடையாது. டயரை மாற்றுவது ஒன்றுதான் வழி. "ஊருக்குள்ளதானே ஓட்டறோம்" என்று அதற்குச் சலுகை கொடுக்காதீர்கள்.

ஆகவே நடுக்கத்தில் இரண்டு ஜாதி என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகக் கூடி, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தலைகாட்டுவது ஒன்று. அந்த வார ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் போதும். திடீரென்று ஆரம்பிப்பது, இருபது முப்பது வேகத்திலேயே உருண்டை புரள்கிற மாதிரி தெரிவது, 'டொக் டொக்' சத்தத்தோடு நிமிஷத்துக்கு நிமிஷம் அதிகமாவது இன்னொன்று. அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கிடையாது. வேகத்தை மெல்லக் குறைத்து, ஓரம் கட்டி, இறங்கிப் பார்க்க வேண்டும். டயர் வீங்கியிருக்கலாம், ரப்பர் உரிய ஆரம்பித்திருக்கலாம், வீல் நட்டு லூஸாகியிருக்கலாம்.

நட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். காரை ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. ஐம்பது, நூறு கி.மீ. ஓட்டியபின் ஒரு தரம் சரிபார்த்துவிடுங்கள். பேலன்ஸிங் பிரமாதமாகச் செய்துவிட்டு நட்டைக் கோட்டைவிட்டால், சக்கரம் உங்களுக்கு முன்னாலேயே திருச்சி போய்ச் சேர்ந்துவிடும்!

இப்போது புரிந்திருக்கும், பேலன்ஸிங் எதற்கு என்று. சொகுசு ஒரு காரணம். டயர் ஆயுசு இன்னொரு காரணம். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், கார் பேசாமல் ஓடினால்தான் அது வாய் திறக்கும்போது நமக்குக் கேட்கும். தினமும் அழுகிற குழந்தைக்கு நிஜமாகவே வயிற்று வலி வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? என் நண்பன் இப்போது எண்பதில் ஒரு சின்னச் சிலிர்ப்பு வந்தால்கூட ஓரம் கட்டிவிடுகிறான். மாமனார் வந்தால் முன் சீட்டில்தான் உட்காருகிறார். மாப்பிள்ளையின் கையை மட்டும் இன்னமும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்!

வருகிற ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவும்போது, ஒரு டார்ச் எடுத்துக் குனிந்து நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். வீக்கம், வெடிப்பு, வெயிட் விழுந்த தடம் ஏதாவது இருந்தால் பூஜைக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டு வாருங்கள். பிறகு தாராளமாக எலுமிச்சம்பழம் நசுக்குங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். சக்கரத்துக்கு வைக்கிற சந்தனத்தை மட்டும் கொஞ்சம் பார்த்து வையுங்கள். பக்தி முற்றி ஒரே பக்கத்தில் முப்பது கிராம் அப்பிவிட்டீர்கள் என்றால்... எண்பதில் சாமி வந்துவிடும்!